இருட்டுப்பள்ளத்து இறக்கம்

ஜூலை 2, ஞாயிறு

புது சைக்கிளை இன்று குழுவில் காட்டினேன். கார்பன் ஃப்ரேம், பட்டனைத் தொட்டால் மாறும் மின்சார கியர், இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். எட்டு மாதம் யோசித்து வாங்கியது. இருபத்து மூன்று வருடமாகப் பம்ப் கம்பெனியில் அடுத்தவர் தோட்டத்துக்குப் போகும் மோட்டார்களைச் சோதித்து முத்திரை குத்திக்கொண்டிருக்கிறேன், எனக்கென்று ஒரு நல்ல இயந்திரம் இருந்தால் தப்பில்லை என்று மனைவி உமாவிடம் சொன்னேன். அவள் தப்பென்று சொல்லவே இல்லை.

எங்கள் குழுவுக்கு ‘ஆறு மணி’ என்று பெயர். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பேரூரில் கூடுவோம். சிறுவாணி ரோட்டில் சாடிவயல் வரை மிதித்துவிட்டு, திரும்பும் வழியில் இருட்டுப்பள்ளத்தில் மாராத்தாளின் டீக்கடையில் நிறுத்துவோம். அங்கே உட்கார்ந்து அவரவர் வண்டியைப் பற்றிப் பேசுகிற ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி ஐம்பது கிலோமீட்டரையும் மிதிக்கிறோம் என்று பூபதியண்ணன் சொல்வார். பொய்யில்லை.

பிரான்சிஸ் பல் டாக்டர். மீன் கடையில் இருக்கிற மாதிரி ஒரு தொங்கு தராசை முதுகுப் பையில் கொண்டுவருவார். யார் எந்தப் பாகத்தை மாற்றினாலும் உடனே வண்டியைக் கொக்கியில் மாட்டி எடை பார்த்தாக வேண்டும். இன்று என்னுடையதை மாட்டினார். எட்டு கிலோ நூறு கிராம். “சபாஷ்” என்றார். நஸ்ரின் வீடு கட்டும் எஞ்சினியர். அவளுடையது மடக்கு சைக்கிள், சின்ன சக்கரம். அதை யார் கேலி செய்தாலும் பஸ்ஸில் ஏற்ற முடியுமா உங்கள் வண்டியை என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவாள்.

பூபதியண்ணன் ஆர்.எஸ்.புரத்தில் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவர் வண்டி பழைய ஸ்டீல், கரும்பச்சை நிறம். சக்கரக் கம்பிகளைக்கூட அவரே கோத்தார். பிரேக் பழைய கட்டை பிரேக்தான், ரிம்மைப் பிடிக்கிற ரகம். என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து டிஸ்க்கைத் தொட்டார்.

“நிக்கறதுக்கு இவ்வளவு எதுக்குடா ஜெகா? என்ற வண்டி நிக்காம எங்காவது போயிருக்குதா?”

“ஈரத்துல பாருங்கண்ணா, வித்தியாசம் தெரியும்.”

“ஈரத்துலயும் பாத்தாச்சு. முப்பது வருசமா இதேதான்.”

பிரான்சிஸ் அவர் வண்டியை மாட்டினார். பதினொன்று நானூறு. என்னுடையதைவிட மூன்று கிலோ அதிகம் என்று நான் சொன்னேன்.

“அந்த மூணு கிலோ என்ற அனுபவம்” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மாராத்தாள்கூட வடைச்சட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு நல்ல பதில்களாக நாலைந்து தோன்றின.

ஜூலை 9, ஞாயிறு

பூபதியண்ணன் விழுந்துவிட்டார். இருட்டுப்பள்ளத்துக்கு முன்னால் இருக்கிற இறக்கத்தில். நாய் குறுக்கே வந்தது. தலையில் அடி. நினைவில்லை.

ஜூலை 10, திங்கள்

லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஐசியூ வாசலில் கலாமணி அண்ணி நேற்று உடுத்திய சேலையோடே இருந்தார். ஹெல்மெட்டை ஒரு துணிக்கடைப் பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பின்பக்கம் இரண்டாகப் பிளந்திருந்தது. இடது காறையெலும்பும் உடைந்திருக்கிறது, அது பெரிய விஷயமில்லை, மூளையில் வீக்கம் வடிய வேண்டும் என்கிறார்கள்.

எப்படி நடந்தது என்று அண்ணி கேட்டார். ஆஸ்பத்திரியில் எழுதிக்கொண்ட போலீஸ்காரரிடம் சொன்னதையே சொன்னேன். நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். அண்ணன் பின்னால் வந்தார். இடது பக்கத்திலிருந்து ஒரு நாய் ஓடி வந்தது. நான் பிரேக் பிடித்தேன்.

“உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே தம்பி?”

“இல்லீங்க அண்ணி.”

“அந்த மட்டும் சரி” என்றார்.

அவருடைய தங்கை இட்லி கொண்டுவந்திருந்தாள். அண்ணி சாப்பிடவில்லை, என்னைச் சாப்பிடச் சொன்னார். நான்கு இட்லி சாப்பிட்டேன்.

ஜூலை 11, செவ்வாய்

கம்பெனிக்குப் போனேன். முப்பத்தொரு மோட்டார் பார்த்தேன். சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன்.

ஜூலை 14, வெள்ளி

பூபதியண்ணன் கண் திறந்தார். அண்ணியைப் பார்த்து “கடையைத் தெறந்தாச்சா?” என்று கேட்டாராம். போனில் சொல்லும்போது அண்ணி அழுதார். உமாவும் அழுதாள். நான் எழுந்து போய் விளக்கைப் போட்டேன்.

விழுந்த அன்று பிரான்சிஸ் இரண்டு சைக்கிளையும் தன் காரில் ஏற்றி என் வீட்டில் இறக்கியிருந்தார். கார் ஷெட்டில் இருந்தன. இன்றுதான் அருகில் போய்ப் பார்த்தேன். அண்ணன் வண்டியின் முன்சக்கரம் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. ஹேண்டில்பார் திரும்பியிருந்தது. ஃப்ரேமுக்கு ஒன்றுமில்லை. என் வண்டிக்கும் ஒன்றுமில்லை. பின் டயரின் பழுப்பு ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குத் தேய்த்த கறுப்புத் தடம் இருந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். போய்விட்டது.

ஜூலை 16, ஞாயிறு

யாரும் மிதிக்கவில்லை. பிரான்சிஸின் கிளினிக்கில் கூடினோம். யார் எந்த நேரம் ஆஸ்பத்திரியில் இருப்பது என்று பேசி முடித்தோம். பிரான்சிஸ் அன்று மிதிக்க வரவில்லை, நஸ்ரின் எங்களுக்கு வெகுதூரம் பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவள் வந்து சேரும்போது அண்ணன் ரோட்டில் கிடந்தார்.

“அண்ணா, நாய் எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?” என்று கேட்டாள்.

“வலது பக்கம்.”

“இடதுன்னு கலாமணி ஆன்ட்டி சொன்னாங்க.”

“பதட்டத்துல அப்படிச் சொல்லியிருப்பேன்.”

பிரான்சிஸ், என்ன நிறம் என்று கேட்டார். செம்மண் நிறம் என்றேன்.

“மாராத்தாளோட ரோசியா?”

“இருக்கலாம்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஜூலை 23, ஞாயிறு

பிரான்சிஸ் காரில் இருட்டுப்பள்ளம் போனோம். நாயைக் கட்டிப் போடாமல் விட்டதால் ஒரு மனிதர் சாகக் கிடக்கிறார், ஒன்று நாய் இருக்க வேண்டும், இல்லையென்றால் நாங்கள் வர வேண்டும், நீங்களே முடிவு செய்யுங்கள் என்று பிரான்சிஸ் சொன்னார். சத்தம் போடவில்லை. பல்லைப் பிடுங்க வேண்டும் என்று சொல்கிற அதே குரல்தான்.

மாராத்தாள் வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போடும் வடையில் பாதி எங்களுக்குத்தான். இரண்டு முறை என்னைப் பார்த்தாள். நான் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

சமையல் கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். உமாவின் செருப்பைத் தைக்கக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பூபதியண்ணனை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். வடவள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். தலையில் பாதி மொட்டை. இளைத்திருக்கிறார். பேச்சு தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் எங்கிருந்தோ எடுத்து வருகிற மாதிரி மெதுவாக வருகிறது. எழுந்து நின்றால் இடது பக்கம் சாய்கிறார். சமநிலை போய்விட்டது, திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். மூக்கும் வேலை செய்யவில்லை. அண்ணி காபியைக் கொடுத்தபோது “சூடா இருக்குது, அதுதான் தெரியுது” என்றார்.

அன்றைய காலை அவருக்கு நினைவில்லை. சனிக்கிழமை கடையைப் பூட்டியது ஞாபகம் இருக்கிறது. பிறகு ஆஸ்பத்திரியின் விட்டம்.

“சொல்லு ஜெகா. மொதல்ல இருந்து சொல்லு.”

சொன்னேன். பேரூரில் கூடியது, ஆலாந்துறை தாண்டித் தூறல் விழுந்தது, சாடிவயலில் திரும்பியது, இறக்கம், நாய்.

“நாய்க்கு அடிபட்டுச்சா?”

“இல்லீங்கண்ணா.”

“நல்லது. நீ புடிச்ச பிரேக்குல ஒரு உசுரு பொழச்சுது” என்று என் முழங்காலில் தட்டினார்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். போன வாரம் சொன்னதில் தூறல் எங்கே ஆரம்பித்தது என்று மாற்றிச் சொல்லிவிட்டேன் போல. “ஆலாந்துறைன்னுதானே சொன்னே?” என்றார். திருத்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஸ்கூட்டரில் தனியாக இருட்டுப்பள்ளம் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. டீக்கடையில் கூட்டமில்லை. பெஞ்சுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டியில் மூன்று நாய்க்குட்டிகள் கிடந்தன. மாராத்தாள் ஒன்றை மடியில் போட்டு, பால் நனைத்த துணியை அதன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“ரோசி எங்கீங்க?” என்று கேட்டேன்.

“மருமகன் மொபெட்டுல கொண்டுபோயி ஒட்டஞ்சத்திரத்துல விட்டுட்டு வந்துட்டானுங்க. பக்கத்துல விட்டா திரும்பி வந்துருமுன்னு அத்தனை தூரம்.”

எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

“ஜூலை ஏழாந்தேதி ராத்திரிதானுங்க அது குட்டி போட்டுது. அஞ்சு. நீங்க வுழுந்த அன்னைக்கு இந்தப் பெஞ்சுக்கடியிலதான் கெடந்துச்சு. கட்டியிருந்தேன். குட்டி போட்ட நாயி மூணு நாளைக்கு நகராதுங்க.”

“அப்போ வேற நாயா இருக்கும்.”

“இருக்குமுங்க” என்றாள். “இந்த ரோட்டுல வேற செவலை நாய் எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க. நீங்க பாத்திருக்கறீங்க, இருக்குமுங்க.”

ஐந்து குட்டியில் இரண்டு செத்துப்போய்விட்டதாம். டீயைக் குடித்துவிட்டு வந்தேன். கிளம்பும்போது அந்த இறக்கம் வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். போகவில்லை.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

ஓணம் லீவு கம்பெனிக்கு இல்லை. இருபத்தாறு மோட்டார்.

செப்டம்பர் 10, ஞாயிறு

பூபதியண்ணன் தன் சைக்கிளைக் கேட்கிறார். ஓட்ட இல்லை, பார்க்க. சக்கரத்தைப் புதிதாகக் கட்டி வாங்கிவரட்டுமா என்று கேட்டேன்.

“கடையில எதுக்கு? நீ கட்டு. நான் சொல்றேன்.”

புது ரிம்மும் முப்பத்திரண்டு கம்பியும் வாங்கிக்கொண்டு போனேன். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார், நான் தரையில். எனக்கு மோட்டார் தெரியும், கம்பி கோக்கத் தெரியாது. அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒன்று விட்டு ஒன்று, மேலே ஒன்று கீழே ஒன்று, மூன்றாவது கம்பியைத் தாண்டிக் குறுக்கே. நான் தப்பாகக் கோத்தபோது சொல்லாமல் பொறுமையாகக் காத்திருந்து, ரிம்மின் ஓட்டை வந்து இடித்த பிறகு “இப்பத் தெரியுதா?” என்றார். எட்டுக் கம்பியைக் கழற்றி மறுபடி கோத்தேன்.

கோட்டம் எடுக்கும்போது சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். “இடது பக்கம் கால் திருகு.” திருகினேன். “போதும்.”

சக்கரம் நேராக ஓடியது. அண்ணி வந்து எட்டிப் பார்த்தார். இரண்டு மாதத்தில் அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். “நீங்க வர்ற நாள்ல மட்டும்தான் தம்பி இவரு சாப்பாட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிடறாரு” என்றார்.

கிளம்பும்போது அண்ணன் அன்றைய கதையைக் கேட்டார். இப்போது கதை நன்றாக வருகிறது. எங்கேயும் தட்டுவதில்லை.

செப்டம்பர் 17, ஞாயிறு

உமா, “உங்க சைக்கிள ஏன் தொடறதே இல்லை?” என்று கேட்டாள். மழை விடட்டும் என்றேன். மழை பெய்து பத்து நாளாகிறது.

அக்டோபர் 1, ஞாயிறு

அடுத்த ஞாயிறு குழுவின் ‘வண்டி காட்டும் நாள்’. வருடத்துக்கு ஒரு தடவை ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஊரிலிருக்கிற மற்ற குழுக்களையும் கூப்பிட்டு, எல்லோரும் வண்டியை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஐந்து நிமிடம் மைக்கில் பேசுவது. பூபதியண்ணன் வருகிறேன் என்கிறார். பேசவும் போகிறாராம். அண்ணி வேண்டாமென்றார். “நான் என்ன ஓட்டவா போறேன்? நின்னு பேசறேன்” என்றார். நிற்க முடியாது, உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை.

என்னையும் பேசச் சொல்கிறார்கள்.

அக்டோபர் 8, ஞாயிறு

எண்பது வண்டிகள் வந்திருந்தன. மூன்று சக்கரத்தில் படுத்துக்கொண்டு ஓட்டுகிற வண்டி ஒன்று, மூங்கிலில் செய்த வண்டி ஒன்று, பால்காரர் கேரியரோடு கொண்டுவந்த இரும்பு வண்டி ஒன்று. அந்தப் பால்காரருக்குத்தான் அதிகக் கைதட்டல். ஒரு நாளைக்கு நாற்பது லிட்டர், பத்தொன்பது வருடம், மூன்று தடவைதான் செயின் மாற்றினேன் என்றார். பிரான்சிஸ் தராசோடு ஓடி வந்தார். வண்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

என் முறை வந்தது. ஐந்து நிமிடம் பேசினேன். ஃப்ரேமின் எடை, கியரின் பல் கணக்கு, பேட்டரி எத்தனை நாள் வரும். ஒரு சொல்கூட விடவில்லை. நன்றாகப் பேசினீர்கள் என்று பிரான்சிஸ் சொன்னார்.

பிறகு பூபதியண்ணன். நாற்காலியில் உட்காரவைத்து, கரும்பச்சை சைக்கிளைப் பக்கத்தில் நிறுத்தினோம். ஒரு கையால் அதன் சீட்டைப் பிடித்துக்கொண்டார். மெதுவாகத்தான் பேசினார், எல்லோரும் காத்திருந்தார்கள்.

“இந்த முன்சக்கரத்தை ஜெகதீசன் கட்டினான். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு விசயம் சொல்றதுக்குத்தான் வந்தேன். ஜூலை மாசம் இவனுக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம். டிஸ்க் பிரேக் எதுக்குன்னு நான் கேட்டேன். எல்லாரும் என்ற பக்கம் சிரிச்சாங்க. அடுத்த வாரமே நாய் குறுக்கே வந்துச்சு. அவன் நின்னுட்டான். நான் நிக்கல. அவன் சொன்னதுதான் சரி. நான் தோத்துட்டேன். வயசானவங்க, பழைய வண்டி வெச்சிருக்கறவங்க, பிடிவாதம் பிடிக்காம மாத்திக்கோங்க. அவ்வளவுதான்.”

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அண்ணியும் தட்டினார். நஸ்ரின் தட்டினாள், ஆனால் அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நானும் தட்டினேன்.

மதியம் அவரையும் வண்டியையும் வடவள்ளியில் இறக்கினேன். கூடத்தில் நாற்காலியில் உட்காரவைத்தேன். களைத்திருந்தார். கிளம்புகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“அண்ணா, நாய் வரலை” என்றேன்.

“என்ன?”

“நாயே வரலீங்கண்ணா. டிஸ்க் பிரேக் எப்படி நிக்குதுன்னு உங்களுக்குக் காட்டறதுக்காகப் புடிச்சேன்.”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபமா என்று தெரியவில்லை. மோட்டாரின் சத்தத்தைக் கேட்கும்போது நான் அப்படித்தான் பார்ப்பேன் என்று நினைக்கிறேன்.

“எவ்வளவு வேகம்?”

“முப்பத்தெட்டு.”

“ரெண்டு பிரேக்குமா?”

“ரெண்டும்.”

“நான் எவ்வளவு பின்னால வந்தேன்?”

“ஒரு அடி. ஒட்டி வாங்கண்ணா, ஒண்ணு காட்டறேன்னு நான்தான் கூப்பிட்டேன்.”

“ரோடு ஈரமா?”

“ஈரம்.”

“நான் ஏதாவது சொன்னனா? வுழுறப்ப?”

“ஜெகான்னு கூப்பிட்டீங்க.”

தலையாட்டினார்.  “நீ சொன்னதுல நான் எங்கயுமே இல்லை. அதுதான் திருப்பித் திருப்பிக் கேட்டேன்” என்றார். “இப்ப இருக்கறேன்.”

அண்ணி சமையலறை வாசலில் இரண்டு டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. ஒரு டம்ளரை அண்ணன் முன்னால் வைத்தார். இன்னொன்றைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போனார். வெளியே வந்தபோது கையில் ஒன்றுமில்லை.

“கெளம்புங்க” என்றார்.

கிளம்பினேன்.

அக்டோபர் 9, திங்கள்

நேற்று நன்றாகத் தூங்கினேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது.

காலையில் உமாவிடம் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டு முழுதும் கேட்டாள்.

“ஏதோ இருக்குதுன்னு நெனச்சேன். இதுன்னு நெனைக்கல” என்றாள். கையிலிருந்த தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “கலாமணியக்கா எங்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்குது, உன்ற வூட்டுக்காரரு இல்லைன்னா நாங்க என்ன பண்ணியிருப்போம்னு. நான் அதுக்கெல்லாம் தலையாட்டிட்டு நின்னிருக்கேன்.”

பிறகு குழாயைத் திறந்தாள். டிபன் பாக்ஸ் வழக்கம்போல மேசையில் இருந்தது. மூடி மட்டும் போடவில்லை.

அக்டோபர் 10, செவ்வாய்

குழுவின் வாட்ஸாப்பில் எழுதிப் போட்டேன். ஆறு வரி. பிரான்சிஸ் போன் செய்தார். “மாராத்தாகிட்ட என்னைப் பேசவெச்சீங்க” என்றார். “என் வாயால பேசவெச்சீங்க, ஜெகதீசன்.” அதோடு வைத்துவிட்டார். மதியத்துக்குள் என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். நஸ்ரின் தனியாக ஒரு வரி அனுப்பியிருந்தாள். ‘எந்தப் பக்கம்னு கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ணா.’

ஆஸ்பத்திரியில் போலீஸிடம் சொன்னதைத் திருத்த வேண்டும் என்று வக்கீல் நண்பர் ஒருவர் சொல்கிறார். வியாழக்கிழமை அவரோடு ஸ்டேஷனுக்குப் போகிறேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

வியாழக்கிழமை ஸ்டேஷனில் திருத்தி எழுதிக் கொடுத்தாயிற்று. இன்று இருட்டுப்பள்ளம். மாராத்தாளிடம் சொன்னேன். பிரான்சிஸ் முந்தாநாளே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். குட்டிகளில் ஒன்றை அவர் எடுத்துக்கொண்டு போனாராம்.

“ஒட்டஞ்சத்திரத்துல எந்த இடத்துலன்னு உங்க மருமகனைக் கேட்டுச் சொல்லுங்க. நான் போய்த் தேடறேன்” என்றேன்.

“மூணு மாசமாச்சுங்க. மார்க்கெட்டுக்குப் பக்கத்துல விட்டானாம். லாரியாப் போற எடம்.” எண்ணெயைக் கிளறினாள். “எங்கிட்ட வந்து சொல்லிட்டீங்க, சரி. நான் அதுகிட்டப் போயிச் சொல்ல முடியுங்களா?”

டீ கேட்கவில்லை. அவளும் போடவில்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

ஒட்டஞ்சத்திரம் போய் வந்தேன். மார்க்கெட்டைச் சுற்றி நாலு தெரு. செவலை நாய்கள் பதினொன்றைப் பார்த்தேன். ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

மறுபடி போனேன். இல்லை.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். உமா அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். போகும்போது இரண்டு நாளில் வருவதாகச் சொன்னாள். வருவாள் என்றுதான் நினைக்கிறேன். எதிர்வீட்டில் லட்டு கொடுத்தார்கள்.

நவம்பர் 17, வெள்ளி

கம்பெனியில் இருக்கும்போது கலாமணி அண்ணி போன் செய்தார். தம்பி என்று கூப்பிடவில்லை. எப்படியும் கூப்பிடவில்லை.

“தெருவுல நடக்கவெச்சுப் பழக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இடது பக்கம் ஒரு ஆள் வேணும். அவரு எடைய என்னால தாங்க முடியல. வேற ஆரு வந்தாலும் இவரு ஒத்துக்க மாட்டேங்கறாரு. உங்க பேரைத்தான் சொல்றாரு. நான் சொல்லல. ஞாயித்துக்கெழமை காலைல வாங்க. உள்ள வர வேண்டாம், கேட்டுப் பக்கத்துல நில்லுங்க, நான் கூட்டிட்டு வர்றேன்.”

சரிங்க என்றேன். அதற்குள் வைத்துவிட்டார். சோதனை மேடையில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த மறந்திருந்தேன்.

உமா வந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். “போங்க” என்றாள்.

நவம்பர் 19, ஞாயிறு

கேட்டுக்கு வெளியே நின்றேன். அண்ணி அவரைப் படியிறக்கி, கேட் வரை கொண்டுவந்து, என் கையில் அவர் கையை வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டைச் சாத்திவிட்டு உள்பக்கமே நின்றுகொண்டார்.

பூபதியண்ணன் புது கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார். முடி வளர்ந்திருக்கிறது. என்னிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவருடைய இடது தோள் முழுவதும் என்மேல் சாய்ந்தது. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. நான்கு அடி வைத்தோம். தெருவில் ஒரு பள்ளம். அவர் கால் அதில் படாமல் பார்ப்பதற்காக நான் அரை அடி முன்னால் போய்க் குனிந்தேன். அவருடைய பிடி இறுகியது.

“முன்னால போகாத” என்றார். “பக்கத்துல வா.”

பின்னால் வந்து பக்கத்தில் நின்றேன். அவர் தன் காலைத் தானே பார்த்து, பள்ளத்தைத் தாண்டி வைத்தார். வேப்பமரத்து வீடு வரை போய்த் திரும்பினோம். நாற்பது அடி இருக்கும். இருபது நிமிடம் ஆனது.

கேட்டில் அண்ணி அவரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நான் ஸ்கூட்டரை எடுக்கத் திரும்பினேன்.

“அடுத்த வாரம் கொஞ்சம் நேரத்துலயே வரச் சொல்லு கலா, வெயில் ஏறிருது” என்று அவர் அண்ணியின் தோளைப் பிடித்தபடி சொல்வது கேட்டது.  அண்ணி ஒரு கையால் கேட்டைப் பிடித்தபடி, தெருவைப் பார்த்து, “ஆறரைக்கு” என்றார்.